பேப்பரம்மா போட்ட திருத்தம்

என் பெயரை முதன்முதலாக அச்சில் பார்த்தது காலடிப்பேட்டையில் ஒரு காப்பிக் கடையில்தான். கடைக்காரர் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக்கொண்டிருந்தார். எண்ணூர் நெட்டுக்குப்பத்து மீனவர்கள் குடிதண்ணீர்க் கிணறு கேட்டுக் கொடுத்த மனுவின் மேல் ஆறு மாதமாகப் படுத்துத் தூங்குகிற குமாஸ்தா என்று என் பெயரைப் போட்டிருந்தது. கடையில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். சிரிப்பு அடங்குவதற்குள் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அப்போது எனக்கு முப்பது வயது. வீட்டில் ஐந்து பேர் என் உத்தியோகத்தை நம்பியிருந்தார்கள்.

அந்த வாரப் பத்திரிகையை நடத்தியவரைத் திருவொற்றியூர் முழுவதும் பேப்பரம்மா என்றுதான் அழைக்கும். ராயபுரத்தில் படகோட்டியின் மகளாகப் பிறந்து, பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கணவருக்குத் துறைமுகக் கிடங்கில் எழுத்து வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டையைக் கழற்றிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே மனைவியின் கையச்சு இயந்திரத்தை இழுப்பார். நாலே பக்கம்தான் பத்திரிகை. விளக்கெரியாத தெரு, அள்ளப்படாத குப்பை, வாத்தியார் வராத பள்ளிக்கூடம் எல்லாம் அதில் வந்துவிடும். பேப்பரம்மா காலையில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினால், பார்த்த ஆளிடமெல்லாம் நின்று விசாரித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். எழுத்தில் அச்சுப் பிசகாத செந்தமிழ். வாயைத் திறந்தால் ராயபுரம்.

காப்பிக் கடையிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். யாரைக் கேட்டு என் பெயரைப் போட்டீர்கள் என்று வாசலிலேயே கத்தினேன். அச்செழுத்துப் பெட்டியிலிருந்து அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"குந்து நைனா. மொதல்ல மோர் குடி. அப்பால கத்தலாம்."

மோர் வந்தது. குடித்த பிறகு கத்த வரவில்லை.

"மனுவ உன் கையிலதான் குட்த்தாங்க. அத்த இன்னா பண்ணே?"

வாங்கிய அன்றே பதிவேட்டில் ஏற்றித் தலைமைக் குமாஸ்தாவின் மேசையில் வைத்துவிட்டேன். ஆனால் அதை வெளியே சொன்னால் என் வேலை போய்விடும். எனக்குத் தெரியாது என்றேன்.

"தெரியாதா, சொல்ல முடியாதா?" என்று கேட்டு என் முகத்தையே பார்த்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, குப்பத்தின் தலைவரான நாட்டாரை அழைத்துக்கொண்டு பேப்பரம்மா எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மனுப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். தலைமைக் குமாஸ்தா முடியாது என்றார். சரி என்று எதிரிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து தாள்களை எடுத்துப் பிழை திருத்தத் தொடங்கிவிட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நாட்டாரின் துண்டு தோளிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"அம்மா! தோ, இது நம்ம காயிதம்! நாலு மூலையிலயும் மஞ்சா தடவனது நான்தான்!"

தலைமைக் குமாஸ்தாவின் மேசைக்கு ஒரு கால் குட்டை. ஆட்டம் நிற்பதற்காக எட்டாக மடித்து அதன் அடியில் சொருகியிருந்த காகிதத்தின் மஞ்சள் மூலை வெளியே தெரிந்தது. நாட்டார் அதை உருவினார். மேசை சாய்ந்தது, மைக்கூடு உருண்டு தலைமைக் குமாஸ்தாவின் வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது. சாமியைக் கண்டவர்போல அவர் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பேப்பரம்மா சிரிக்கவில்லை. மனுவின் பின்புறத்தில் நான் எழுதியிருந்த பதிவு எண்ணையும் தேதியையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அடுத்த இதழின் முதல் பக்கத்தில், என்னைத் திட்டிய எழுத்தைவிடப் பெரிய எழுத்தில், 'நாம் செய்த பிழை' என்று வந்தது. குமாஸ்தா தம் கடமையைச் செய்திருக்கிறார். தீர விசாரிக்காமல் எழுதியது நம் குற்றம். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். காப்பிக் கடைக்காரர் அதையும் உரக்க வாசித்தார். மேசைக் கதை மட்டும் வரவே இல்லை. ஏன் என்று பேப்பரம்மாவிடமே போய்க் கேட்டேன்.

"போட்டா ஊரே சிரிக்கும், மறந்துடும். கெணறு முடியிற வரிக்கும் அந்தாளு நமக்கு வோணும்பா."

எந்த வாரம் கதை அச்சேறிவிடுமோ என்ற பயத்தில், கிணறு வெட்டும் வேலையைத் தலைமைக் குமாஸ்தாவே வெயிலில் நின்று மேற்பார்வை பார்த்தார். நாலு மாதத்தில் தண்ணீர் கண்டது. அன்றைக்குப் பேப்பரம்மாவுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக நான் போய்க் கிணற்றைப் பார்த்துவந்து, 'நெட்டுக்குப்பத்தில் தேன்போன்ற நீர்' என்று எழுதி நீட்டினேன். போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டிப் படித்தார்.

"நீ குடிச்சியா?"

"இல்லம்மா. எல்லாரும் சொன்னாங்க."

"எல்லாரும் சொல்லித்தான் நான் உன் பேரைப் போட்டேன். போய்க் குடிச்சிட்டு வா."

மறுபடி ரயிலேறி எண்ணூர் போய், வெயிலில் குப்பத்துக்கு நடந்தேன். நாட்டாரின் மனைவி சொம்பில் மொண்டு கொடுத்தாள். 'நீர் சற்றே உப்பு; ஆயினும் குடிக்கலாம்' என்று திருத்தி எழுதினேன். அப்படியே அச்சாயிற்று.

பத்திரிகை வெளிவந்த மறு வாரம், தலையில் ஒரு பானையோடு நாட்டாரே பேப்பரம்மா வீட்டுக்கு வந்து இறங்கினார். நானும் அங்கே இருந்தேன்.

"எறைக்க எறைக்க உப்பு கொறஞ்சி கீதும்மா. இத்தயும் பேப்பர்ல போடு."

காய்ச்சல் விட்டு அன்றுதான் எழுந்திருந்த பேப்பரம்மா, ஒரு டம்ளர் மொண்டு மடக்கு மடக்கென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, அதே டம்ளரை மறுபடி நிரப்பி என்னிடம் நீட்டினார்.

"நீயும் குடி நைனா. ரெண்டு சாட்சி இருந்தாத்தான் போடுவேன்."