மாசி அமாவாசைத் தக்காளி

காணையில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். பாவிகளின் ரகசியத்தைப் பாதிரியார் காப்பாற்றுவார். விவசாயிகளின் ரகசியம் என் தலையில் விடிந்தது.

கெடார் துரைக்கண்ணு நல்ல மனிதர். அவருக்குப் பைத்தியமெல்லாம் தக்காளி ஒன்றில்தான். போன வருஷம் ஊரே தை மாதம் நட்டு, ஊரே ஒரே வாரத்தில் பறித்து, கடைசியில் மாட்டுக்குக் கொட்டியது. அன்றைக்கே அவர் மனைவி செண்பகம் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரு தரம்தான். ஊர்த் தக்காளியோட நம்ம தக்காளியும் வந்து நின்னுச்சுன்னா, அப்புறம் நிலத்துல மல்லாட்டைதான். நீ வாயத் தொறக்கக் கூடாது." வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பேர்.

இந்தத் தையில் யாரும் தக்காளி நடவில்லை. டீக்கடையில் ஆளாளுக்கு, "தக்காளிக்கு ஒரு கும்பிடு" என்றார்கள். துரைக்கண்ணுவும் அதையே சொல்லிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"பாக்கியராஜ், மாசி அமாவாசைக்கு நாத்து வேணும். அதுக்கு மேல போனா வெயில்ல பூ கொட்டிப்பூடும். யார்கிட்டயும் மூச்சு விடாத."

"அமாவாசையில மண்ணுல கை வைக்க மாட்டீங்களே?"

"அதனாலதான் சொல்றேன். ஊரே மேல்மலையனூர் கோயிலுக்குப் பூடும். எவன் பாப்பான்?"

எனக்கு அமாவாசை ஒரு பொருட்டில்லை. ஞாயிறு பூசை தவறாமல் இருந்தால் போதும். சரி என்றேன்.

அன்று காலை செண்பகம் ஊர்ப் பெண்களோடு பஸ் ஏறினார். துரைக்கண்ணு முட்டிவலி என்று நின்றுகொண்டார். குட்டியானை வண்டியில் நாற்றுத் தட்டுகளை ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுபோய் இறக்கினேன். சுற்றிலும் கரும்பு ஆளுயரம் நின்றது; ஒருவர் நிலம் ஒருவருக்குத் தெரியாது. மனிதர் குனிந்தவர் நிமிரவில்லை. முட்டிவலியெல்லாம் எங்கே போனதோ.

சாயங்காலம் காலித் தட்டுகளை எடுக்கப் போனேன். கடைசி வரிசைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "பாத்தியா, இந்தச் சுத்துப்பட்டுல என்னுது ஒண்ணுதான்" என்றார். நான் குனிந்து தட்டுகளைப் பொறுக்கினேன். அந்த நேரம் பார்த்து வரப்பில் செண்பகம் வந்தார். நெற்றியில் குங்குமம், கையில் பிரசாதப் பை.

"கோயில்ல நம்மூரு ஆம்பள ஒருத்தரையும் காணோமேன்னு பாத்தேன்" என்றார் நிதானமாக. "பொம்பளைங்க மட்டும்தான் வந்தோம். பச்சைமுத்துவுக்குக் காய்ச்சலாம், ராஜாமணிக்கு இடுப்புப் பிடிப்பாம், கோகுலகிருஷ்ணனுக்கு வயித்துப்போக்காம். இப்ப பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து வர்றேன். எல்லா நோயாளியும் கழனியில தக்காளி நட்டுக்கினு இருக்கான்."

துரைக்கண்ணு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நாத்து ஏது அவங்களுக்கு?"

தட்டுகளை அடுக்கினேன். காலையில் நான் கெடாருக்கு நாற்று ஏற்றி வந்தது ஆறு நடை, ஆறு பேருக்கு. ஆறிலும் தார்ப்பாய்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"யார்கிட்டயும் மூச்சு விடாதன்னீங்க. அவங்களும் அதையேதான் சொன்னாங்க."

துரைக்கண்ணு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். உண்மையில் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. செண்பகம் அவர் நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அண்ணே, நல்ல மல்லாட்ட வெத எங்க கெடைக்கும்? யார்கிட்ட வேணாலும் சொல்லிக்க, ரகசியம் இல்ல."

துரைக்கண்ணு வாயைத் திறக்கவில்லை.