மூன்று வரிசை பீன்ஸும் பம்பரமும்

சென்ற ஆண்டு மார்ச் ஒன்பதாம் தேதி, காலை ஏழே கால் மணி. என் வீட்டுச் சாமான்கள் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. பின்பக்கச் சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது.

"சார், அந்தத் திரைக் கம்பியெல்லாம் உங்களுக்கு வேணுமா?"

"திரை போடத்தான்மா கொண்டுவந்திருக்கேன்."

"திரையை ஆணியில கட்டிக்கலாம் சார். பீன்ஸ் கொடிக்கு ஆணி பத்தாது."

குடிவந்த அன்றே இரண்டு கம்பிகள் சுவர் தாண்டிப் போயின. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்தப் பெண்மணியைத் தெருவே பம்பரம் என்றுதான் அழைத்தது. பெயரிட்டவர் அவருடைய அண்ணன். "எங்கம்மா இவளைத் தொட்டில்ல போடலை சார், நேரா ரோட்டுல விட்டுட்டாங்க" என்பார். தங்கை நின்றபடியே தேநீர் குடிப்பார்; சிவப்பு விளக்கு விழுந்தால், பச்சை வருவதற்குள் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துவிடுவார்.

ஆனால் அவ்வாண்டு அவரைச் சுழற்றியது இயல்பான சுறுசுறுப்பு மட்டுமன்று. தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்துவந்த அண்ணனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இன்னும் எடை குறைந்தால் உணவுக்குக் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணன் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே காய், குழைய வெந்த பீன்ஸ். கடையில் வாங்கியதைச் சமைத்துக் கொடுத்தபோது, அதன் நார் தொண்டையில் சிக்கி அவர் மூச்சுத் திணறிப்போனார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அதன்பின் கரண்டியைக் கண்டாலே வாய் இறுகிக்கொண்டது.

நாரில்லாத பீன்ஸை வீட்டிலேயே விளைவிப்பது என்று தங்கை முடிவெடுத்தார். விதைக்கடைக்காரர் மூன்று பொட்டலங்களை எடுத்துப் போட்டு, "எல்லாமே நாரில்லாத ரகம்தான்கா" என்றாராம். "நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க, விழுங்கப்போறது எங்கண்ணன்" என்று சொல்லிவிட்டு மூன்றையும் வாங்கிவந்தார். முதல் வரிசையில் குட்டைச் செடி: கம்பு வேண்டாம்; ஆனால் காய்க்கத் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் ஓய்ந்துவிடும். இரண்டாவது, உருண்டைக் காய்க் கொடி: தாமதமாகத் தொடங்கினாலும் நெடுநாள் காய்க்கும். மூன்றாவது, பட்டைக் காய்க் கொடி: என் திரைக் கம்பிகளை வளைக்கும் அளவுக்குக் காய்த்தது.

வேனின் ஒவ்வொரு நடைக்கு முன்னும் பின்னும் பாத்தியைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. காய் தீக்குச்சிப் பருமன் ஆவதற்குள் பறித்து, மூன்று கிண்ணங்களில் வேகவைத்து, அண்ணன் முன் வைத்தார். பயந்து பயந்து சுவைத்த அண்ணன், "மூணுமே வெண்ணெய்தான்" என்றார். அப்படியானால் அதிகம் காய்ப்பதே போதும் என்று பட்டைக் கொடியை மட்டும் விட்டுவிட்டு, அன்று மாலையே மற்ற இரண்டு வரிசைகளையும் பிடுங்கி எறிந்தார். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. பிஞ்சில் எந்த ரகத்துக்கும் நார் தெரிவதில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

பள்ளிப் பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு வெளியூர் போய்த் திரும்ப மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் பட்டைக் காய்கள் முழு அளவுக்கு நீண்டிருந்தன. மகிழ்ந்துபோய்ப் பறித்துச் சமைத்தார். இரண்டாம் வாயிலேயே நூல்போல நார் சிக்கியது. இருமி இருமிக் கண்ணீர் வழிந்த அண்ணன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

"போதும். குழாயே வைக்கட்டும்."

மறுநாள் சுவருக்கு மேலே அந்தத் தலை மீண்டும் தெரிந்தது. "தப்பு என் கையிலதான் சார். காய வளரவே விடல." பிடுங்கி எறிந்த இரண்டு ரகங்களின் விதைகளும் பொட்டலங்களில் எஞ்சியிருந்தன; அவற்றை மீண்டும் ஊன்றியிருந்தார். பாத்தியைச் சுற்றி வலை கட்டி, அதன் கதவைப் பூட்டி, சாவியை என்னிடம் நீட்டினார். "பூ விட்டதும் கேப்பேன். குடுத்துடாதீங்க, அழுதாலும்."

பூ விட்டது. "சார், களை எடுக்கணும்."

"எடுத்துட்டேன்மா."

"தண்ணி?"

"ஊத்தியாச்சு."

"நீங்க ஜெயில் வார்டனா இருந்திருக்கணும் சார்."

அந்த வாரங்கள் அவருக்கு முள்மேல் நிற்பதுபோலக் கழிந்தன. வடிகட்டிய சூப்பால் அண்ணனின் எடை ஊசலாடியது. அடுத்த பரிசோதனை நெருங்கிவந்தது. போக்கிடமில்லாத கைகள் வேனைக் கழுவின. உலர்வதற்குள் மறுபடியும் கழுவின. "விடு, பெயிண்ட் கரைஞ்சிடும்" என்று உள்ளிருந்து அண்ணனின் குரல் வரும்.

காய்கள் பென்சில் பருமன் ஆனதும் சாவியைக் கொடுத்தேன். உருண்டைக் காய்க் கொடியில் ஒரு காயைப் பறித்து ஒடித்தார். இரு துண்டுகளுக்கும் நடுவே மெல்லிய இழை ஒன்று தொங்கியது. குட்டைச் செடியின் காயை ஒடித்தார். 'டக்'கென்று முறிந்தது, இழையில்லை. இன்னொன்று, இன்னுமொன்று. மடி நிறைய ஒடித்தும் இழையே இல்லை.

குழைய வேகவைத்துக் கொண்டுவந்தபோது நானும் அங்கே இருந்தேன். அண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"நார் வரும்."

"வராது அண்ணே. நான் ஒடிச்சுப் பாத்துட்டேன்."

"போன தடவையும் பாத்தேன்னுதான் சொன்ன. சரி, பந்தயம். நார் வரலேன்னா ஒரு நாள் முழுக்க நீ உக்காந்திருக்கணும். சமையல், கூட்டுறது, வேன் கழுவுறது எல்லாம் நான்."

"சரி, வாயத் திற."

ஒரு துண்டை நாவால் துழாவினார், விழுங்கினார். நாங்கள் இருவரும் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த துண்டுக்கு அவரே கரண்டியை வாங்கிக்கொண்டார். கிண்ணம் காலியானதும் தங்கை அதைக் கழுவ எடுத்துக்கொண்டு ஓடினார்.

பரிசோதனையில் மருத்துவர் குழாயைப் பற்றிப் பேசவில்லை. இப்போது குட்டைச் செடி ஒரு பாத்தியில் ஓய்வதற்குள் அடுத்த பாத்தியில் முளைத்துவிடுகிறது. தேறிய அண்ணன், கையில் துடைப்பத்தோடு அவ்வப்போது வந்து நின்று, "என்னைக்கு உக்காரப்போற?" என்று கேட்கிறார். தங்கை வேன் சாவியைத் தேடியபடி, "நாளைக்கு" என்கிறார். அவருக்கு வரவேண்டிய அந்த ஒரு நாளை இன்றுவரை அவர் கேட்டு வாங்கவில்லை.