வெற்றுப் பேனலில் விழுந்த கை

இது நடந்தது. நம்பச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. இங்கே வரும் நேரங்களும் தூரங்களும் ஹரிப்ரியாவின் லேப் நோட்டில் அவள் கையெழுத்திலேயே இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் மட்டும் எழுத்து கோணிக்கொண்டு போகும்.

ஹரிப்ரியா தினமும் சித்தூரிலிருந்து ரயில் ஏறித் திருப்பதிக்கு வருபவள். அம்மா செங்கமலம் மாம்பழக் கூழ் கம்பெனியில் பழம் நறுக்குகிறாள். மகளுக்கு எட்டு மாதமாக ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமை கமிட்டி வரும்போது காற்றில் ஒரு மாம்பழம் மிதந்து தெரிய வேண்டும். தெரிந்தால் வேலை தொடரும். இல்லையென்றால் அவளும் அம்மாவுக்குப் பக்கத்தில் கத்தியோடு உட்கார வேண்டியதுதான்.

மாம்பழத்தைக் காட்டப்போவது கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு பேனல். எஸ்.எல்.எம். என்பார்கள். சிவப்பு லேசர் ஒளி பட்டுத் திரும்பும்போது, பேனல் அதைப் புள்ளி புள்ளியாகத் திருத்தி அனுப்பும். அந்த ஒளி ஒரு குறிப்பிட்ட தூரத்தில் கூடிப் படமாகும். பேனலுக்கு எதுவும் கொடுக்காமல் வெறுமையாக விட்டால் ஒரே ஒரு புள்ளிதான் விழும். தினமும் முதலில் அதைத்தான் சோதிப்பார்கள். இது, மூடிப்போன வேறொரு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வாங்கிய பழைய பேனல்.

இன்னொரு வழக்கமும் உண்டு. உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் லேசர் கண்ணைச் சுட்டுவிடும். அதனால் மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் வாசலில் இருக்கும் தட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

செவ்வாய். மதியம் 2:10. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே, கறுப்புத் திரைக்குப் பின்னால் இருட்டு. ஹரிப்ரியா வெள்ளை அட்டையைப் பிடித்தபடி மேசையோரமாக நகர்ந்தாள். புள்ளி இருந்தது. அதைச் சுற்றி ஏதோ அழுக்குப் போல... பேனலிலிருந்து அறுபதாவது சென்டிமீட்டரில் அழுக்கு ஐந்து விரலானது.

"யஸ்வந்த், இங்க வா. இது இன்னா?"

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் யஸ்வந்த் எழுந்து வந்தான். "பழைய படம்க்கா. ஒரே படத்தை மாசக்கணக்கா போட்டு வெச்சிருப்பாங்க, ஒட்டிக்கினு கீது. ஆஃப் பண்ணி வெச்சா போயிடும்." சிரித்தான். "இன்னிக்குக் கை வந்துச்சு. நாளைக்குக் கால் வரும், பாரு."

புதன், 2:25. கை போகவில்லை. இன்னும் தெளிவாகியிருந்தது. மணிக்கட்டில் இரண்டு வளையல்கள். ஒன்று நசுங்கியிருந்தது. தூரத்தை அளந்தாள்.

நூற்றிருபது.

"ஒட்டிக்கின படம் எப்படிடா நகரும்?"

யஸ்வந்த் இந்த முறை சிரிக்கவில்லை. "சார் கிட்ட சொல்லிடலாம்க்கா."

"சொன்னா பேனலைத் திருப்பி அனுப்பிடுவாரு. வெள்ளிக்கிழமை நான் இன்னாத்தக் காட்டுறது?"

இருவரும் சாரிடம் சொல்லவில்லை.

வியாழன், 2:31. யஸ்வந்த் டீ குடிக்கப் போயிருந்தான். அறுபதில் கை இல்லை. நூற்றிருபதில் இல்லை. நூற்றெண்பதில் மேசை முடிந்தது. அங்கும் வெறும் மங்கல்தான். அட்டையைத் தாழ்த்தினாள்.

கை அவளுடைய வெள்ளைக் குர்தாவின் மேல் இருந்தது. ரேகை வரை தெரிந்தது.

ஓடிப்போய்ப் பேனலின் கேபிளைப் பிடுங்கினாள். 2:34. சாவியைத் திருப்பி லேசரையே அணைத்தாள். 2:36. மூலையில் கம்ப்யூட்டர் கடிகாரம் மட்டும் ஒளிர்ந்தது.

கடிகாரமும்... அவள் மார்பின் மேல் அந்தக் கையும்.

பின்னால் நகர்ந்தாள். தூரம் கூடினால் படம் கலைய வேண்டும். கலையவில்லை.

கிணுங்...

வளையல் சத்தம். அவள் கையில் வளையல் இல்லை.

கை மேலே ஏறியது. தோள். கழுத்து. அதற்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை.

கண்ணை இறுக்கி மூடினாள்.

மூடிய இடது இமைக்குள்... சிவப்பு.

2:40.

கதவு திறந்தது. வெளிச்சம். யஸ்வந்த்.

"இன்னாக்கா, இருட்டுல நின்னுக்கினு கீற? உள்ள வேற யாரு கீறாங்க?"

"யாரும் இல்லியே."

"தட்டுல ரெண்டு வளையல் கீதே. ஒண்ணு நசுங்கிப் போய்..."

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். தட்டில் ஹரிப்ரியாவின் வாட்ச் மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாம்பழம் மிதந்தது. கமிட்டி கை தட்டியது. வேலை இன்னும் ஒரு வருடத்துக்கு நீண்டது. அந்த மாம்பழத்தை ஹரிப்ரியா வலது கண்ணால்தான் பார்த்தாள். இடது கண்ணின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது.

அன்று மாலைதான் ஆராய்ச்சிக்கூடத் தலைவர் வெங்கடரமணன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனலை விற்றவர்களுக்கு போன் போட்டார். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டு, கேட்டதைச் சொன்னார்.

அங்கே அந்தப் பேனலில் வேலை பார்த்தவள் பத்மினி. கை வீங்கியிருந்ததால் வளையல்கள் கழலவில்லை. அவசர வேலை என்று அப்படியே உள்ளே போயிருக்கிறாள். நசுங்கிய வளையலில் பட்டுத் தெறித்த லேசர் இடது கண்ணில் விழுந்தது. மதியம் 2:40. அதற்குப் பிறகு அவள் ஆறு மாதம்கூட உயிரோடு இல்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய சங்கதி.

திங்கட்கிழமை, கண் டாக்டர் சந்தியா ஹரிப்ரியாவின் இடது கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"எத்தனை வருஷமா லேசர்ல வேலை?"

"எட்டு மாசம், மேடம். இது போன வியாழக்கிழமைதான் ஆச்சு."

டாக்டர் மறுபடியும் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்தார்.

"வியாழக்கிழமையா? இல்லம்மா. இது ஆறிப்போன தழும்பு. மூணு வருஷமாவது இருக்கும்."