ஜெயராணி பல்லும் எங்கூரு கைராசிக்காரரும்

எங்க தெரு ஜெயராணிக்குப் பல்லெல்லாம் சாம்பல் நெறத்துல பட்டை பட்டையா இருக்கும். தருமபுரி ஜவுளிக்கடையில வேலை. முன்னாடி நின்னா யாவாரம் படுத்துடும்னு குடோன்ல போட்டுட்டான் மொதலாளி. இவன் மூஞ்சிக்கு மட்டும் யாவாரம் பிச்சுக்கிட்டுப் போவுது பாரு!

காரிமங்கலம் பக்கம் யாருக்குப் பல்லு கெட்டாலும் எங்க சனத்துக்கு ஒரே பதில்தான், போர் தண்ணி. தண்ணியால கெட்ட பல்லு இங்க நெறைய உண்டு, இல்லைங்கல. ஆனா அதே தண்ணி குடிச்ச இவ தம்பி அந்தோணி பிரகாசுக்குப் பல்லு பளீர்னு இருக்குதே, எப்படின்னு ஒரு மகராசனாவது யோசிச்சானா? பொண்ணு பாக்க வந்த மூணு கூட்டமும் 'தண்ணி எலும்பு வரைக்கும் எறங்கியிருக்கும்'னு சொல்லிட்டு, பஜ்ஜியத் தின்னுட்டு எந்திரிச்சுப் போனாங்க. கடைசியில உள்ளூர்லயே மதலேனம்மா மவன் கட்டிக்கிட்டான்.

போன வருசம் கடவாப்பல் வலின்னு போனப்ப பல் டாக்டரம்மா சொன்னாங்க, "இது தண்ணியால வந்ததில்லீங்க. சின்ன வயசுல டெட்ராசைக்ளின் மாத்திரை நெறைய குடுத்திருக்காங்க. உள்ள வளர்ற பல்லுல கறை ஏறிடும். எதைப் போட்டுத் தேச்சாலும் போவாது."

குடுத்தவரு யாரு? எங்கூரு பச்சியப்பன். ஏதோ கிளினிக்குல டோக்கன் குடுத்துக்கிட்டு இருந்தவரு, ஊருக்கு வந்ததும் டாக்டராயிட்டாரு. சின்னதுல ஜெயராணி நோஞ்சான். சளின்னாலும் அந்த மாத்திரை, காய்ச்சல்னாலும் அதே மாத்திரை. தம்பிக்காரன் கல்லாட்டம் இருந்தான், தப்பிச்சான்.

இதைச் சொன்னா ஊரே சிரிச்சுது. 'கைராசிக்காரரு மேல பழி போடறா'ன்னு மாமியா மதலேனம்மாளே மொகத்தத் திருப்பிக்கிச்சு. ஜெயராணி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"அத்தை, எம் புள்ள பிளசிக்கு மட்டும் அந்தாளு மாத்திரை வேண்டாங்க."

பிளசிக்கு மூணு வயசு. ஆடித் தள்ளுபடி நேரத்துல அதுக்குக் காய்ச்சல். கடையில லீவு தரல. 'ஆஸ்பத்திரி சிரப்புதான் குடுக்கறேன், நீ போ'ன்னு மாமியா அனுப்பி வெச்சுது. வாரக் கடைசியில கூட்டும்போது கட்டிலுக்கு அடியில காலி மாத்திரை அட்டை. எடுத்துப் படிச்சா. டாக்டரம்மா சொன்ன அதே பேரு.

"எத்தினி நாளுங்க அத்தை?"

"ஆறு நாளு. ஏன்டி கத்தற? காய்ச்சல் வுட்டுருச்சில்ல? பேத்தி பல்லு மேல எனக்கு அக்கறை இல்லியா? போர் தண்ணியக் கண்ணுலயே காட்டலடி. கேன் தண்ணி வாங்கி, அதுலதான் மாத்திரையப் பிரிச்சுக் கலக்கிக் குடுத்தேன்!"

ஜெயராணி கொழந்தை வாயத் தொறந்து பாத்தா. பால் பல்லு வெள்ளையாத்தான் இருந்துச்சு. அது வுழுந்து அடுத்த பல்லு மொளைக்க இன்னும் மூணு வருசம் ஆவும்.