தட்டில் வைக்காத போன்

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடந்ததில் அதைச் சொல்வதற்குத்தான் எனக்கு அதிகம் கூச்சமாக இருக்கிறது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் பாடம் வாசிக்கிறவன். அப்படிப்பட்ட நான் போனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அது ஒற்றை ஆள் விளையாட்டு. எதிரி கிடையாது, கூட்டாளி கிடையாது. பஸ்ஸை எடுக்க வேண்டும், ஸ்டாப்பில் நிறுத்தி ஆள் ஏற்ற வேண்டும், அடுத்த ஊருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரே தடவை காசு கொடுத்து வாங்கியிருந்தேன். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களின் பெயின்ட்டை யாரோ வரைந்து நெட்டில் இலவசமாகப் போட்டிருந்தார்கள். அதை ஏற்றிக்கொண்டால் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற வண்டி மாதிரியே இருக்கும். முன் கண்ணாடியில் மாலை, பின்னால் சாமி படம், ஹாரன்கூட அதே ஏற்றி இறக்கி அடிக்கிற ஹாரன். நாள் முழுக்க விறைப்பாக நின்றுவிட்டு வருகிற எனக்கு, குளித்து முடித்து அரை மணி நேரம் ஓட்டினால் உடம்பு இளகும். என் மனைவி நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப எந்த ஊர்ல இருக்கீக?" என்று கேட்டுச் சிரிப்பாள். அந்த அளவில் அதில் ஒரு கேடும் இல்லை.

பிறகு ஓர் அப்டேட் வந்தது. அதற்கப்புறம் நெட் இல்லாமல் விளையாட்டு திறக்கவே மறுத்தது. என்னைத் தவிர வேறு ஆளே இல்லாத விளையாட்டுக்கு எதற்கு நெட் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடுத்து டீசல் வந்தது. டாங்க் காலியானால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். கடைசியாகப் பெர்மிட் வந்தது. தினமும் முற்பகலில் உள்ளே போய்ப் பெர்மிட்டைப் புதுப்பிக்காவிட்டால் வண்டிகளெல்லாம் டிப்போவுக்குப் போய்விடும். மீட்க வைரம் வேண்டும். வைரத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கிய பொருளுக்கே திரும்பக் காசு கேட்கிறானே என்று எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தவன் அதைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். நான் எரிச்சலோடு புதுப்பித்துக்கொண்டிருந்தேன்.

முற்பகல் என்பதுதான் சிக்கல். அந்த நேரத்தில் நான் கம்பெனிக்குள் இருப்பேன்.

எங்கள் கம்பெனி சாத்தூர்ப் பக்கம், ரோட்டிலிருந்து தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. இடைவெளி விட்டுக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. காலையில் வேனில் வந்து இறங்குகிறவர்கள் கேட்டில் இருக்கும் எவர்சில்வர் தட்டில் போனை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். தட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது என் பொறுப்பு. "போனால மருந்து பத்திக்கிடுமா சார்?" என்று யாராவது கேட்பார்கள். வெடிமருந்தை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். "பத்துமா பத்தாதான்னு இங்கன வச்சு சோதிச்சுப் பாக்க முடியுமா?" என்பேன். அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஃபோர்மேனை யாரும் சோதிக்க மாட்டார்கள். ஆரம்பத்தில் போனைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். பை, அறைகளிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் சாப்பாட்டுக் கொட்டகையில் கிடக்கும். நேரம் பார்த்து அங்கே போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பெர்மிட்டைப் புதுப்பித்துவிட்டு வருவேன். தினமும் ஒரே நேரத்தில் கொட்டகைப் பக்கம் போவதை யாராவது கவனித்துவிடுவார்களோ என்று பயம் வந்தது. அதனால், எங்கே ஒதுங்கினாலும் புதுப்பிக்கலாம் என்று போனை இடுப்பில், சட்டைக்கு உள்ளே செருகிக்கொள்ளப் பழகினேன். அந்தப் போனோடு மருந்து அறை வாசல்களில் போய் நின்றேன். தெரிந்தே நின்றேன்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் அறையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். முப்பது வயது இருக்கும், இருக்கன்குடிப் பக்கத்து ஊர். ஒரு நாள் காலையில் எல்லாரும் தட்டில் போனை வைத்துவிட்டு நகர்ந்த பிறகு அவள் மட்டும் நின்றாள். கையில் பட்டன் போன்.

"சார், பாப்பாவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். காச்சல் எறங்கவே மாட்டேங்கு. எங்கம்மா கூட இருக்காக. ஏதாச்சும்னா போன் பண்ணச் சொல்லியிருக்கேன். இன்னைக்கு ஒரு நா மட்டும் இத வச்சிக்கிடட்டுமா? சத்தம் வராம வச்சிக்கிடுதேன்."

"லீவு போட வேண்டியதுதான?"

"போட்டாச்சு சார். சீசன்ல இன்னும் போட்டா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். முன்னால் போனவர்களுக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினேன். "ஒனக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். ஒரு போனால இத்தன பேரு உசுருக்கு ஆபத்துன்னா நீ வந்து பதில் சொல்லுவியாம்மா?"

அவள் போனைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். இந்தப் போன் அடித்தால் என்னைக் கூப்பிடு என்று கேட்டில் இருந்த வாட்ச்மேனிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை. நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் என் இடுப்பில் என் போன் இருந்தது.

அன்று முற்பகல் அவள் இருந்த அறை வாசலில் நின்று, சிந்திய மருந்தைக் கூட்டி எடுத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஹாரன் சத்தத்தைக் கேட்பதற்காகப் போனில் ஒலியைக் கூட்டியிருந்தேன். குறைக்க மறந்துவிட்டேன். பெர்மிட் முடியப் போகிறது என்று நினைவுபடுத்த அந்த விளையாட்டு தன் ஹாரனையே அடித்தது. என் வயிற்றிலிருந்து ஒரு பஸ் கிளம்புகிற மாதிரி, நீளமாக, ஏற்றி இறக்கி.

உள்ளே இருந்த நாலு பெண்களும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எதிர்க் கதவு வழியாக ஓடினார்கள். என்ன சத்தம் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். புதுச் சத்தம் கேட்டால் ஓடு என்று பழக்கியவனே நான்தான். அவர்கள் ஓடுவதைப் பார்த்து அடுத்த அறைகளில் இருந்தவர்களும் ஓடினார்கள். நான் சட்டைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே எதிர்ப்பக்கம் வெட்டவெளிக்கு ஓடினேன். அங்கே வைத்துத்தான் அதை நிறுத்த முடிந்தது. திரும்பிப் பார்த்தபோது வேப்ப மரத்தடியில் எல்லாரும் நின்றிருந்தார்கள். ஒருத்திக்கு முழங்காலில் ரத்தம். எல்லாருடைய பார்வையும் என் கையில் இருந்தது.

"அது போனா சார்?" என்று அவர்களில் மூத்தவள் கேட்டாள்.

"மொதலாளி அவசரத்துக்கு வச்சிக்கிடச் சொன்னாரு" என்றேன். வாய் அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னது.

கூட்டத்திலிருந்து அந்தப் பெண் மட்டும் என்னிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அப்ப அதுல ஒரு போன் போட்டுக்கிடட்டுமா சார்? பாப்பாவுக்கு எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டுக்கிடுதேன்."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அவளைக் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். போனைத் திறந்தால் திரை நிறைய அந்த விளையாட்டு. மாலை போட்ட பஸ், அதற்கு மேல் பெர்மிட் எச்சரிக்கை. அதை மூடப் போய், பதற்றத்தில் எதையோ தொட்டேன். வைரம் விற்கும் கடை திறந்துகொண்டது. திரும்பத் தொட்டேன், இன்றைக்கு மட்டும் சலுகை என்று வேறொரு கடை திறந்தது. வெளியே வரும் வழி எனக்கு அகப்படவில்லை. அவள் அம்மாவின் நம்பரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி பக்கத்தில் நின்றாள்.

"என்ன சார் இது?"

"வெளையாட்டு."

அவள் தலையை ஆட்டினாள். ஒருவழியாக வெளியே வந்து போனை அவள் கையில் கொடுத்தேன். கொஞ்சம் தள்ளி நின்று பேசினாள். "தண்ணி குடிச்சாளா... டாக்டரம்மா வந்தாகளா... சரி, சரி, வச்சிருதேன்." திரையைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லது சார்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். நான் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, மற்றவர்களையும் வேலைக்குப் போகச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் விளையாட்டைத் திறந்தேன். வண்டிகளெல்லாம் டிப்போவில் கிடந்தன. காசு கட்டி எல்லாவற்றையும் மீட்டேன். கை தானாகச் செய்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ரகசிய எண்ணை யோசித்து அடித்தவன் நான்தான்.

மறுநாள் வேனிலிருந்து இறங்கியவர்கள் தட்டுக்குப் பக்கத்தில் வந்து சும்மா நின்றார்கள். ஒருவரும் போனை எடுக்கவில்லை. மூத்தவள்தான் பேசினாள்.

"மொதல்ல நீங்க வைங்க சார். பெறகு நாங்க வைக்கோம்."

வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வைத்துவிட்டு உள்ளே போனார்கள். தினமும் காலையில் இப்படியே நடந்தது. முதலாளி காதுக்கு ஒருவரும் கொண்டுபோகவில்லை. அந்தப் பெண் ஹாரன் அடித்த நாளுக்கப்புறம் வேலைக்கு வரவில்லை.

சீசன் முடிகிற சமயத்தில் முதலாளி ஒரு புது ஃபோர்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் வேனுக்குக் காத்து நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் என் தோளைத் தட்டி, "இவரப் பாத்துக் கத்துக்கோங்க. போன் விஷயத்துல ரொம்பக் கறாரு" என்றார். பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியாவது சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் ஆபீசுக்குப் போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இத ஏன்யா எங்கிட்ட வந்து சொன்ன? இப்ப நான் ஏதாச்சும் செஞ்சாகணுமே" என்றார். பிறகு, "பஸ்ஸா?" என்று கேட்டார். "ஆமா மொதலாளி" என்றேன். என் முகத்தைப் பார்க்க அவருக்கே கஷ்டமாக இருந்தது போல. சிவகாசியில் காலி அட்டைப்பெட்டிகள் வைக்கும் கோடவுனுக்கு, லாரியில் லோடு ஏறுவதைச் சரிபார்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார். சம்பளம் குறைவு. அங்கே போனுக்குத் தடை இல்லை. அதனால் என் பெர்மிட் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

மனைவியிடம், முதலாளிக்குக் கோடவுனில் நம்பிக்கையான ஆள் வேண்டுமாம் என்று சொல்லி வைத்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் அதைக் கோயில் வாசலில் எல்லாரிடமும் சொன்னாள். "மருந்து பக்கம் போக வேண்டாம், அதுவே ஆண்டவர் செஞ்ச பெரிய காரியம்" என்று ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அங்கேயே, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

என் மனைவி முன்பு தீக்காய வார்டில் இருந்தவள். பாதியிலேயே கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் பாப்பாவுக்கு என்னாச்சு?" என்றாள்.

"தெரியல."

"தெரியலன்னா?"

"கேக்கல."

"ஒங்க போன்லதான பேசினா. அவ வச்சப்பறமாச்சும் கேட்டிருக்கலாம்ல?"

முதலாளியிடம் சொல்லும்போதுகூட நான் ஹாரனைச் சொன்னேன், பெண்கள் ஓடியதைச் சொன்னேன், என் பொய்யைச் சொன்னேன். அந்தக் குழந்தை என் பேச்சில் வரவே இல்லை.

என் மனைவி கையைக் கழுவிவிட்டு வந்தாள். "அந்த நம்பர் இதுலதான கெடக்கும். எடுங்க." தேடி எடுத்துக் கொடுத்தேன். அவளே போட்டாள். வயதான பெண் குரல் ஒன்று பேசியது. குழந்தை வீட்டுக்கு வந்து நாளாகிவிட்டது, நன்றாக இருக்கிறது, மெலிந்துதான் போய்விட்டது, குழந்தையின் அம்மா இப்போது வேறு கம்பெனிக்குப் போகிறாள் என்றெல்லாம் அந்தக் குரல் சொன்னது. என் மனைவி, குழந்தைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினாள். "பேசுங்க."

"பாப்பா நல்லா இருக்கா?" என்று கேட்டேன். இப்போதுதான் சொல்லக் கேட்டிருந்தேன்.

"நல்லா இருக்காய்யா. நீங்க யாரு பேசுதது?"

"பாப்பாவோட அம்மா முன்ன வேல பாத்த கம்பெனி ஃபோர்மேன்."

அந்த அம்மா யாரையோ கூப்பிடுவது கேட்டது. "ஏளா, ஒங்க பழைய ஃபோர்மேனாம். பேசுதியா?"

தூரத்தில் பாத்திரம் விளக்கும் சத்தத்தோடு அவள் குரல் வந்தது. "கையில வேலையா இருக்கேன்னு சொல்லும்மா."

"கையில வேலையா இருக்காளாம்" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார்.

"பரவாயில்லம்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன். என் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த நம்பரை நான் திரும்பக் கூப்பிடவில்லை. அந்தப் பெண்ணும் கூப்பிடவில்லை.