இசக்கியக்கா வீட்டுக் கதவு

இசக்கியக்கா போய்விட்டார். இன்று காலை, செம்பூர் திலக் நகரில், மகன் வீட்டில். போனை வைத்த கையோடு இதை டைப் செய்கிறேன்...

என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்டில் இருக்கும் யாருக்கும் அவரைத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஆள்.

அறுபதுகள். பம்பாய் மாட்டுங்காவில் ரேடியோவுக்கு மரப்பெட்டி செய்யும் ஒரு ஒர்க்‌ஷாப். நான் நாகர்கோவிலில் இருந்து வந்து இறங்கிய தச்சன், வாய் கொஞ்சம் நீளம். அக்கா பாலிஷ் போடுகிறவர். திருநெல்வேலிப் பக்கம், வீடு தாராவியில். பம்பாயில் தச்சனை மிஸ்திரி என்பார்கள், அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

ரேடியோவின் முகப்பில் நாலு குமிழ், நாலு ஓட்டை. எல்லாப் பெட்டியிலும் அதே இடத்தில் விழ வேண்டும். அதற்காக, ஓட்டை போட்ட ஒரு பலகையை மேலே பொருத்தி, அதன் வழியாகவே டிரில்லை இறக்குவோம். அதுதான் ஜிக். ஜிக் வளைந்தால் அத்தனை பெட்டியும் கோணல்.

நான் ஜிக்கைத் தேக்கில் செய்தேன். பிளைவுட்டா... பசை போட்டு ஒட்டின சமாச்சாரத்தை எங்கள் ஊர்க்காரன் மரம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. என் அகலத் தேக்குப் பலகை ஈரம் குடித்துத் தொன்னை மாதிரி வளைந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட்.

அடுத்த லாட்டும் இப்படி வந்தால் ஆர்டர் கிடையாது என்று ரேடியோ கம்பெனி சொல்லிவிட்டது. எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு ஆர்டர்தான். அது போனால் பதினோரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கௌரவத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஹார்ட்போர்டு வாங்கி வந்தேன். ஓரமெல்லாம் ஊதிப்போனது. கடையில் கிடைத்த பிளைவுட்டை வாங்கினேன். ஒரே வாரத்தில் ஏடு ஏடாகக் கழன்றுவிட்டது.

அப்போதுதான் அக்கா சொன்னார். "மிஸ்திரி, எங்க வீட்டுக் கதவு நாலு மழ பாத்துட்டு. இன்னும் தாப்பா நேரா விழுது. வந்து பாரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யக்கா, தாராவிக் கதவ வச்சா ஜிக்கு செய்யச் சொல்லுதீக?"

"சிரியும், சிரியும். உம்ம தேக்கு பல்லிளிச்சதத்தான் சேட்டு பாத்துட்டாரே."

முதலாளி வரைக்கும் போன விஷயம்... வாயை மூடிக்கொண்டு போனேன். சந்தில் முழங்கால் தண்ணீர்.

அந்தக் கதவு, அவர் வீட்டுக்காரர் பழைய கப்பல் உடைக்கும் இடத்திலிருந்து கொண்டுவந்த கேபின் தடுப்பு. அதுவும் பிளைவுட்தான்! ஓரத்தில் எண்ணினேன், ஒன்பது அடுக்கு. ஒன்றின் ரேகை நெடுக்கே, அடுத்தது குறுக்கே. தண்ணீருக்கு அசையாத பசை. அதன் மேல் அக்கா மிச்சப் பாலிஷைக் கொண்டுபோய் முன்பக்கம், பின்பக்கம், நாலு ஓரம், ஒன்று விடாமல் போட்டிருந்தார். நான் என் ஜிக்குக்கு மேல்பக்கம் மட்டும்தான் போட்டிருந்தேன்.

ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். அடியில் துளி வெளிச்சம் தெரியவில்லை, அத்தனை நேர்.

அந்த மாதிரி ஷீட் வேண்டுமென்று கடை கடையாக ஏறி இறங்கினேன். எங்கேயும் இல்லை. இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கொட்டுகிற மழையில் அக்காவும் வீட்டுக்காரரும் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

"அறுத்துக்கிடும்," என்றார் அக்கா.

"வீட்டுக்கு என்ன செய்வீக?"

"சாக்கு தொங்குது. கதவில்லாம மழக்காலத்தத் தாண்டிரலாம். வேலயில்லாம தாண்ட முடியுமா? அந்த மஞ்சப் பொட்டு மேல மட்டும் வாள வச்சிராதயும்."

நல்ல நாளில் கதவுக்கு வைத்த பொட்டு. அதைச் சுற்றி அளவெடுத்து அறுத்தேன். எட்டு ஜிக் வந்தது. அறுத்த ஓரங்களுக்கெல்லாம் அக்காவே பாலிஷ் போட்டார்.

ஜூலை மழையில் ரேடியோ கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்தார். பெட்டி பெட்டியாக, ஓட்டைக்குள் அளவு ஊசி விட்டுப் பார்த்தார். ஒன்றுகூட ரிஜெக்ட் இல்லை. ஜிக்கைத் தட்டிப் பார்த்து, "யே கோன்ஸி கம்பெனி கா மால் ஹை?" என்றார். எந்தக் கம்பெனிச் சரக்காம்.

பாலிஷ் மூலையில் இருந்து அக்கா குரல். "ஹமாரா கர் கா தர்வாஜா ஹை, சாப்." எங்கள் வீட்டுக் கதவு, ஐயா!

ஜோக் என்று நினைத்து அவர் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பெருமை, நான் செய்த எந்தச் சாமானிலும் ஏற்பட்டதில்லை.

மழை நின்றதும் அக்காவுக்கு நானே ஒரு கதவு செய்து மாட்டினேன். எதில்? தேக்கில்தான்! திருந்துகிற ஜென்மமா நான்...

ஒவ்வொரு ஜூனிலும் அது நிலையோடு இறுகிக்கொள்ளும். "மிஸ்திரி, உம்ம கதவ ஒதச்சுல்லா தொறக்கேன். என் கதவ எப்பத் தருவீரு?" எங்கே பார்த்தாலும் இதே கேள்வி. அவர் மகன் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னாலேயே கேட்டார். போன மாதம் போனிலும் கேட்டார். குரல் தேய்ந்திருந்தது, கிண்டல் தேயவில்லை.

ஒர்க்‌ஷாப்பை மூடியபோது நான் ஒரே ஒரு சாமான்தான் எடுத்து வந்தேன். மஞ்சள் பொட்டு வைத்த ஜிக். மஞ்சள் போய்விட்டது, வட்டம் மட்டும் லேசாகத் தெரிகிறது.

திலக் நகருக்குப் போக என் மருமகள் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறாள். ஜிக்கைப் பையில் வைத்துவிட்டேன். அதற்கு முன் ஒருதரம் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்... வெளிச்சம் தெரியவில்லை.

யக்கா, உங்க கதவக் கொண்டு வாரேன்.