முனியம்மா தந்த மரமணி

என் மனைவிமேல் எனக்குப் பொறாமை. அந்தப் பொறாமையில், அவளை நேசித்த ஒரு வீட்டின் வாசலை அவளுக்கு நானே அடைத்தேன். தேவகிக்கு இன்றுவரை தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

ஒடுகத்தூரில் எனக்கு ஹார்டுவேர் கடை. பழம்பொருள் சேர்ப்பது என் பித்து. ஜவ்வாது மலையில் நான் ஏறாத ஊர் குறைவு. சாமை அளந்த மரப்படி, தேன் சுமந்த சுரைக்குடுக்கை, கையால் குடைந்த மரவைக் கிண்ணம்... எங்கள் கூடம் நிறைய அவைதாம். எல்லாம் நான் தேடியவை, பேரம் பேசி வாங்கியவை. தேவகி துணைக்கு வருவாள், அவ்வளவே. அப்படித்தான் எண்ணியிருந்தேன்!

காவலூரைத் தாண்டிய சிற்றூர் ஒன்றில் முனியம்மா இருக்கிறார். சாமையும் புளியும்தான் பிழைப்பு. அவர் வீட்டுக் கூரைச் சட்டத்தில் ஒரு மரமணி தொங்கியது. காட்டில் மேயும் மாட்டின் கழுத்தில் கட்டுவது. ஒரே கட்டையில் குடைந்தது. வெளிப்புறத்தில் ஓர் உடும்பு ஏறுவதுபோல் செதுக்கியிருந்தார்கள். மாடுகளின் கழுத்தில் உரசி உரசி அதன் முதுகு பளபளத்துப் போயிருந்தது. எத்தனை முறை கேட்டிருப்பேன்!

“அது எங்கப்பா செஞ்சதுங்க. குடுக்கறதுக்கில்ல.” ஒவ்வொரு முறையும் இதே பதில்.

புளி உலுக்கும் பருவத்தில் ஒருநாள் போயிருந்தோம். பக்கத்து வீட்டில் பழைய உரல் இருப்பதாகக் கேள்விப்பட்டு நான் அங்கே போனேன். திரும்பி வந்தபோது மரமணி தேவகியின் மடியில் இருந்தது.

“நான் கேக்கவே இல்லீங்க” என்றாள், பயந்தவள்போல.

“அக்கா வெச்சுக்கட்டும்” என்று முனியம்மா சிரித்தார். “எங்கூட ஒக்காந்து புளி தட்டுனது யாரு? நீங்களா?”

நானும் சிரித்தேன். மலைப்பாதையின் வளைவுகளில் கார் திரும்பும்போதெல்லாம் அவள் மடியில் அது டொக், டொக் என்றது. எனக்கோ கன்னத்தில் அறைவதுபோல் இருந்தது. ஏன்? அந்தப் பொருள் என் வீட்டுக்குத்தானே வந்தது? வந்தது. ஆனால் எனக்கு வரவில்லை!

பிறகு சென்னையிலிருந்து ஒருவர் வந்தார், என்னைப் போலவே சேகரிப்பவர். என் மரப்படிகளையும் மரவைகளையும் ஒரு பார்வையில் கடந்தார். மரமணியை எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

“இதைக் கண்டுபிடிச்சது யார் சார்?”

“எனக்குக் குடுத்தாங்க” என்றாள் தேவகி.

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் காபி கொண்டுவந்தவன் நான்.

அடுத்த வாரம் தனியாக மலையேறினேன்.

“இன்னாங்க, தனியா வந்துகிறீங்க? அக்கா வர்லியா?” என்றார் முனியம்மா.

“எப்படி வருவா? அந்த மணிய மெட்ராஸ்காரர் ஒருத்தருக்கு வித்துட்டா. உங்க மூஞ்சில முழிக்க வெக்கப்படறா.”

வாய்தவறி வந்த பொய் என்று சொல்லத்தான் ஆசை... இல்லை. வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

முனியம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். “வித்துட்டாங்களா? எங்கப்பா ஞாபகத்துக்கு அது ஒண்ணுதாங்க வூட்ல இருந்துச்சு” என்றார். உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

நான் மகிழ்ந்தேன். ஆம், மகிழ்ந்தேன்! அடிவாரம் வரும்வரை ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினேன்.

ஆனால் மணி வீட்டில் இருக்கிறதே... அடுத்த முறை தேவகி அதைக் கையோடு எடுத்துப் போனால்? பொய்யை மெய்யாக்கியே தீர வேண்டியிருந்தது. படம் எடுக்கக் கேட்கிறார் என்று அவளிடம் சொல்லி, சென்னைக்காரருக்கே விலைக்குக் கொடுத்தனுப்பினேன். அடிபடக்கூடாதென்று தன் பழைய நூல்சேலையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

மறுபடி போனோம். முனியம்மாவின் மருமகள் வாசலை மறித்தாற்போல் நின்றாள்.

“அத்தைக்கு ஒடம்பு சரியில்லக்கா. அப்பால வாங்க.”

உள்ளே முறத்தில் சாமை புடைக்கும் ஓசை எங்கள் இருவருக்கும் கேட்டது. தேவகி கையில் வளையல் பொட்டலம், முனியம்மாவுக்காக வாங்கியது. அதை மருமகளிடம் நீட்டினாள். அந்தப் பெண் கை நீட்டவில்லை.

“நான் இன்னாங்க தப்பு பண்ணேன்?” என்று காரில் தேவகி கேட்டாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

அவள் மலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கூடத்துப் பொருள்களைத் துடைப்பதும் இல்லை. மணியைத் திருப்பிக் கேட்டேன்; சென்னைக்காரர் அதை வேறொருவரிடம் கைமாற்றியிருந்தார். படம் எடுத்து முடியவில்லை என்றே தேவகியிடம் இன்னும் சொல்லிவருகிறேன். இப்போது யாரிடமோ... உண்மையைச் சொல்ல நினைத்தாலும் என் கையில் காட்ட ஒன்றுமில்லை.

போன வாரம் சாப்பாடு பரிமாறும்போது கேட்டாள்: “முனியம்மாவ விசாரிச்சீங்களா?”

“கேட்டேன். ஒண்ணும் சொல்லல.” அந்த ஊர்ப்பக்கமே நான் போகவில்லை!

“நல்ல மனுஷிங்க அவங்க. எம்மேலதான் ஏதோ தப்பு இருக்கும்.”

அப்போது என் நெஞ்சில் முதலில் தைத்தது எது தெரியுமா உங்களுக்கு? குற்ற உணர்வு அல்ல. முகத்தில் கதவை அடைத்த ஒருத்தியை நினைத்து இவள் இப்படி உருகுகிறாளே... என்னை நினைத்து இப்படி ஒருநாளாவது உருகியிருப்பாளா? அந்த நேரத்திலும் அதே பொறாமை!

“சரி, அடுத்த தடவ போறப்போ மறுபடி கேக்கறேன்” என்றேன்.

“மறக்காம கேளுங்க” என்று இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.